கம்பெனி பெயிண்ட்

அவளுக்கு வீட்டில் ஆசையாக வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? கையில் எந்நேரமும் ஒரு டார்ச்சும், நாக்கு நுனியில் எந்நேரமும் ஓர் உண்மையுமாகத் திரிந்ததால் எல்லோருக்கும் அவள் டார்ச்தான். தெருவில் நிற்பது யார் காராக இருந்தாலும் சரி, போகிற போக்கில் உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவாள். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்ப்பாள். "இந்தக் கதவு அடிபட்டு மறுபடி பெயிண்ட் அடிச்சது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். வண்டிக்காரர் பக்கத்தில் நிற்கிறாரா, அந்த வண்டியைப் புதுசு மாதிரி என்று யாருக்காவது விற்றுக்கொண்டிருக்கிறாரா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். அப்படி ஒரு வியாபாரம் முறிந்த அன்று, விற்க வந்தவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை துரத்தி வந்தார். "உண்மையைத்தானே சொன்னேன்?" என்று மூச்சிரைக்கக் கடைக்குள் ஓடி வந்தவளிடம், "உன்னை யாருடி கேட்டா?" என்றாள் அண்ணி. நியாயமான கேள்விதான்.

அண்ணியும் அவளும் சேர்ந்துதான் கடை நடத்தினார்கள். அண்ணன் வெளியூரில் லாரி கம்பெனியில் இருந்தான். கார் கழுவுகிற இடம் என்று அந்தக் கடையைச் சொல்லிவிட்டால் இருவருக்கும் மூக்கு சிவந்துவிடும். கழுவுவது ஆரம்பம் மட்டுமே. அப்புறம் களிமண் மாதிரி ஒரு கட்டியை வைத்து உருட்டி உருட்டி, பெயிண்டில் ஒட்டியிருக்கும் தாரையும் துருத்தூளையும் எடுக்க வேண்டும். பாலிஷ் மெஷினை ஓட்டி, வெயிலில் சிலந்தி வலை போலத் தெரியும் வட்டக் கீறல்களைப் போக்க வேண்டும். கடைசியில் செராமிக் கோட்டிங். ஐந்து வருஷம் மழை, வெயில், காக்கை எச்சம் எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் கோட்டிங் ஒரு பூட்டு. உள்ளே என்ன இருக்கிறதோ அதையும் சேர்த்துத்தான் பூட்டும். அதனால் அண்ணி ஒரு சட்டம் போட்டிருந்தாள். மெஷினைத் தொடுவதற்கு முன்னால் வண்டிக்காரரைப் பக்கத்தில் நிற்கவைத்து, பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று மீட்டர் வைத்துக் காட்டிவிட வேண்டும். ஒருவர் தன் காரின் பழைய காயத்தையெல்லாம் இவர்கள் தலையில் கட்டப் பார்த்ததிலிருந்து அந்தச் சட்டம். அதை மீறினால் அண்ணி பத்ரகாளி ஆகிவிடுவாள்.

இந்தக் கடைக்குத்தான் கண்ணாடிக்காரன் வந்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கண்ணாடி துடைக்க மைக்ரோஃபைபர் துணி மொத்தமாக எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு வந்தவனை உட்காரவைத்து, பாட்டிலில் மிச்சமிருந்த கோட்டிங்கை அவன் கண்ணாடியில் தடவித் துடைத்துக் கொடுத்தாள். திறந்த பாட்டில் சில நாளில் இறுகிப்போகும், வீணாக்க அவளுக்கு மனசு வராது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தவன், "இவ்வளவு தெளிவா நான் எதையும் பார்த்ததே இல்லைங்க" என்றான். கோட்டிங்கைச் சொன்னானோ, அவளைச் சொன்னானோ. அதற்கப்புறம் துணி வாங்க வாராவாரம் வந்தான். "ஊர்ல இருக்கிற எல்லாக் கண்ணையும் இவனே துடைக்கிறான் போல" என்று அண்ணி முணுமுணுத்தாள்.

ஒரு வருஷம் துணி வாங்கியபின் ஒருநாள் அவன் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றான்.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"பொண்ணு என்ன வேலை பார்க்குதுன்னு கேட்டார். காரை மெருகேத்தி, கோட்டிங் போட்டு, பெயிண்டை அஞ்சு வருஷம் பாதுகாக்கிற வேலைன்னேன். கார் கழுவுறதை ஏன்டா இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னார்."

டார்ச்சுக்கு மூக்கு சிவந்தது. "அப்புறம்?"

"என் வண்டியை அவ கையில குடுத்துப் பார்க்கிறேன், அதுக்கப்புறம் என் புள்ளையைக் குடுக்கலாமா வேண்டாமான்னு சொல்றேன்னார்."

"நல்ல மனுஷன்" என்றாள் அண்ணி. "வண்டிக்கு அப்புறம்தான் புள்ளை. அந்த வரிசையாவது தெளிவா இருக்கே."

சிரிப்பு வரவில்லை டார்ச்சுக்கு. அவன் அப்பா வேண்டாம் என்றால் அவன் அதை மீறி வர மாட்டான். அவளும் மீறி வா என்று சொல்ல மாட்டாள். சண்டை போட்டுக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைய அவளுக்கு இஷ்டமில்லை. அந்த வண்டியில்தான் அவள் கல்யாணம் இருந்தது.

அவன் அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை ஒரு விபத்து இல்லை, ஒரு உரசல் இல்லை. அந்தக் கதையை அவர் வீட்டில் சாப்பாட்டுக்கு உப்பு மாதிரி, எல்லாப் பேச்சிலும் சேர்ப்பார். ஓய்வு பெற்றபோது வாங்கிய கார் அது. கருநீலம். வீட்டில் மகனும் மகளும் ஓட்டலாம், ஆனால் சாவியைக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால் சிறுநீரகத்தைத் தானம் கொடுப்பது போல இருக்கும்.

மறுநாள் காலையில் இரண்டாவது கியரிலேயே வந்து சேர்ந்தார். கடைக்குள் ஏற்றும் முன் இறங்கி வந்து வாசலின் இரண்டு தூணையும் முறைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி, நூல் பிடித்தது போல உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்.

"பார்த்துக்கோம்மா. ஒரு ஈ உட்கார்ந்து எழுந்த தடம்கூட இருக்காது. சுத்தி எல்லாம் கம்பெனி பெயிண்ட்."

அவள் உள்ளங்கை தானாகவே பானெட்டின் மேல் போனது. போன கை நடுவில் ஒரு நொடி நின்றது. வாய் திறந்தது. அண்ணி பின்னாலிருந்து இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக டார்ச் வாயை மூடிக்கொண்டாள்.

டிரைவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா?"

"ஒண்ணுமில்லைங்க. கழுவிட்டு, மீட்டர் வச்சுச் சொல்றேன்."

"சொல்லு. நாளைக்குக் காலையில குடும்பத்தோட வர்றோம். உள்ளதை உள்ளபடி சொல்லணும். எனக்கு ஜால்ரா போடறவங்களைக் கண்டா ஆகாது" என்றவர், ஸ்டியரிங்கை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, பஸ் பிடித்துப் போனார்.

கழுவித் துடைத்து, டார்ச்சையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு அவள் சுற்ற ஆரம்பித்தாள். கம்பெனியில் அடித்த பெயிண்ட் என்றால் மீட்டர் நூறைச் சுற்றிக் காட்டும். மேலே இன்னொரு பெயிண்ட் ஏறியிருந்தால் இருநூறைத் தாண்டிவிடும். பானெட்டில் வைத்தாள். இருநூற்று நாற்பது. நினைத்தது சரிதான். இடது முன் கதவில் வைத்தாள். இருநூற்று அறுபது. இடது பின் கதவு, முந்நூறு. வலது கதவு, டிக்கி, சக்கரத்தின் மேல் தகடு என்று வைத்த இடத்தில் எல்லாம் மீட்டர் ஏறிக்கொண்டே போனது. மீட்டரே கெட்டுவிட்டதோ என்று பக்கத்தில் நின்ற வேறொரு காரில் வைத்துப் பார்த்தாள். அது நூற்றுப்பத்து என்றது. ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையில் வைத்தாள். நூற்றுப்பத்து.

"அண்ணி, கூரை மட்டும்தான் கம்பெனி பெயிண்ட்."

அண்ணி காரைச் சுற்றி வந்தாள். "இது காரா, ஒட்டுப்போட்ட போர்வையா? பம்பர் என்ன சொல்லுது?"

"பம்பர் பிளாஸ்டிக். அதுல மீட்டர் வேலை செய்யாது."

"அது ஒண்ணாவது வாயை மூடிட்டு இருக்கே."

டார்ச் கண்ணாடிக்காரனுக்கு ஃபோன் போட்டாள். மீட்டர் காட்டியதைச் சொன்னாள்.

"வலது முன் கதவும் அதுக்கு முன்னால இருக்கிற தகடும் நான்தான்" என்றான். "பார்க்கிங்ல தூண்ல உரசிட்டேன். அப்பா சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வர்றதுக்குள்ள பெயிண்டர்கிட்ட குடுத்து அடிச்சுட்டேன். தயவுசெஞ்சு சொல்லிடாதே."

"அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லையா?"

"அவருக்குக் கண்ணாடியை மாத்தணும். அப்பவே மாத்தியிருக்கணும். நான்தான் இந்தப் பவரே போதும்னு தள்ளிப்போட்டுட்டு வர்றேன்."

"அடப்பாவி! நீயெல்லாம் ஒரு கண்ணாடிக் கடைக்காரனா?"

மத்தியானம் அவன் தங்கை ஃபோன் செய்தாள். கல்லூரியில் படிக்கிறவள். குரல் குசுகுசுவென்று வந்தது. "அண்ணி..." அவள் அதற்குமுன் டார்ச்சை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "மீட்டர் வச்சுப் பார்க்கிறீங்கன்னு அப்பா வீட்டுல சொன்னார். டிக்கியும், டிக்கிக்குப் பக்கத்துல ரெண்டு பக்கத் தகடும் நான்தான். ரிவர்ஸ் எடுத்தப்போ தண்ணி லாரி பின்னாடி நின்னுச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சா சாவியை ஆயுசுக்கும் தர மாட்டார். சொல்ல மாட்டீங்கதானே அண்ணி?" அண்ணி என்ற வார்த்தைக்கு டார்ச் உருகிப்போனாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கியது அவன் அம்மா. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கடையை ஒரு பார்வை, காரை ஒரு பார்வை, அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணி நாசூக்காக வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். ஆனால் காது முன்பக்கம்தான் இருந்தது.

"இடது பக்கம் ரெண்டு கதவும் நான்தான்மா."

"நீங்களா அத்தை? உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"கத்துக்கிட்டேன். அவர் ஊர்ல இல்லாதப்போ, கொஞ்சம் கொஞ்சமா. லைசென்ஸ்கூட வாங்கிட்டேன்." ஃபோன் உறைக்குள் மடித்து வைத்திருந்த அட்டையை எடுத்துக் காட்டினாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை, உடனே அப்படி ஒரு பயம். "ஒருநாள் காம்பவுண்டு சுவரோட ஒட்டி, முன்னாலேர்ந்து பின்னால வரைக்கும் இழுத்துட்டேன். ஊரெல்லாம் பஸ் ஓட்டினவர், எனக்குக் கத்துக் குடுங்கன்னு கேட்டா சிரிச்சார். நீ எதுக்கு, நான்தான் இருக்கேனேன்னார். இப்போ போய் இப்படி இடிச்சேன்னு எப்படிச் சொல்ல?"

டார்ச் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வாயிலிருந்து வராது அத்தை" என்றாள். சொன்னபிறகுதான் உறைத்தது. உள்ளதை உள்ளபடி சொல் என்று காலையில் ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்லாதே என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நாலு பேரும் ஒரே வீடு, அவள் போகவேண்டிய வீடு.

இதில் இன்னொரு குழப்பம். பானெட், இடது முன் தகடு, வலது பின் கதவு. இந்த மூன்றும் தங்களுடையது என்று யாரும் சொல்லவில்லை. பின் தெருவில் இருந்த பெயிண்டரிடம் போய்க் கேட்டாள். கருநீலம் என்று ஆரம்பித்தவுடனே அவர் கண் தானாக அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அங்கே கருநீலம் வழிந்து காய்ந்த டப்பா ஒன்று, எந்த நேரமும் திறக்கத் தயாராக இருந்தது.

"அந்தக் குடும்பத்துக்குன்னே கலந்து வச்சிருக்கேன்" என்றார் பெயிண்டர். "ஆனா யாரு, எப்போன்னு கேட்காதே. வந்தவங்க எல்லாருமே வீட்டுக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் வந்தாங்க. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சுக் குடுத்தேன். தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கு."

கடை அடைக்கும் நேரத்தில் அண்ணி பாலிஷ் துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. நீ ஒரே ஒரு பொய் சொல்லு. எல்லாம் கம்பெனி பெயிண்ட்னு சொல்லிட்டு மெதுவா கையாலயே பாலிஷ் போட்டுடுவோம். என் சட்டத்தை நானே இந்த ஒரு தடவை தளர்த்திக்கிறேன்."

"முடியாது அண்ணி."

"ஏன் முடியாது? உன் நாக்கு என்ன, தங்கத்துல செஞ்சதா?"

"அவர் பஸ் ஓட்டினதைப் பத்தி யாராவது பொய் சொன்னா அவருக்கு எப்படி இருக்கும்? என் வேலையிலயே பொய் சொல்லிட்டு அந்த வீட்டுக்குப் போனா, நான் கார் கழுவுறவதான். அவர் சொன்னது சரியாயிடும்."

"அப்போ அந்த மூணு பேரையும் காட்டிக்குடுப்பியா?"

"அதுவும் முடியாது."

"பின்னே என்னதான்டி செய்யப்போறே?"

தெரியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு காரை இன்னொரு சுற்று சுற்றி வந்தாள்.

காலையில் நாலு பேரும் வந்தார்கள். டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையில், டியூட்டிக்கு வந்தவர் போல. மற்ற மூவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் போல. மூன்று பேரும் தனித்தனியாக டார்ச்சின் கண்ணைப் பார்த்துத் தனித்தனியாகக் கெஞ்சினார்கள். தான் மட்டும்தான் கெஞ்சுகிறோம் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு.

"குடு இப்படி, நானே வச்சுப் பார்க்கிறேன்" என்று டிரைவர் மீட்டரை வாங்கிக்கொண்டார். பஸ்ஸின் உயரத்துக்குப் பழகிய மனுஷன், முதலில் கூரையில்தான் வைத்தார். கண்ணைச் சுருக்கி, எட்டத்தில் பிடித்து, "எவ்வளவுடா?" என்று மகனிடம் காட்டினார்.

"நூத்திப்பத்து" என்றான் கண்ணாடிக்காரன், ஈனஸ்வரத்தில்.

"கம்பெனி பெயிண்ட்டுக்கு எவ்வளவும்மா?"

"அதேதான்" என்றாள் டார்ச்.

"பார்த்தியா!" என்று மீசையைத் தடவிக்கொண்டு, இடது கதவுப் பக்கம் நகர்ந்தார். அவர் மனைவி பையை இறுக்கிப் பிடித்தாள். மீட்டர் கதவைத் தொட ஒரு சாண் இருந்தது.

"மாமா, நில்லுங்க!"

அவர் நின்றார். "மாமாவா? நான் இன்னும் எதுவும் சொல்லலையே?"

"நீங்க சொல்றீங்களோ இல்லையோ, நான் சொல்லிடறேன்." அவள் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "கூரையைத் தவிர இந்த வண்டியில எதுவும் கம்பெனி பெயிண்ட் இல்ல. சுத்தி எல்லாமே மறுபடி அடிச்சது. யாரு, எப்போ, எப்படின்னு என்னைக் கேட்காதீங்க. கேட்டாலும் சொல்ல மாட்டேன். அது உங்க வீட்டு விஷயம். வண்டி எப்படி இருக்குன்னு சொல்றது என் வேலை. சொல்லிட்டேன். இப்போ நீங்க வண்டியை எடுத்துட்டுப் போனாலும் சரி, பிள்ளையை எடுத்துட்டுப் போனாலும் சரி."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அண்ணி வாளியைக் கீழே வைத்தாள்.

டிரைவர் அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார். மீசையில் இருந்த கை அப்படியே நின்றது.

"என்னம்மா சொல்றே? கூரையைத் தவிர எல்லாமேவா? நான் பானெட்டும் இடது முன் தகடும் மட்டும்தானே அடிச்சேன்!"

மூன்று தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"என்னது?" என்றாள் அவர் மனைவி.

டிரைவருக்கு அப்போதுதான் தன் வாய் செய்த வேலை புரிந்தது. முகம் பெயிண்டை விடக் கறுத்தது. "அது... வண்டி வாங்கின புதுசுல. நம்ம வீட்டுக் கேட்டுத் தூண்தான். பஸ்ஸோட அகலத்துக்கே கை பழகிடுச்சு. நீங்க எல்லாரும் உங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தீங்க. வாழ்நாள் பூரா ஒரு கீறல் இல்லாம ஓட்டிட்டு, வீட்டு வாசல்ல இடிச்சேன்னு யார்கிட்டச் சொல்லுவேன்?"

"தூண்ல சிமென்ட் பேர்ந்திருந்துச்சே! அது ஏதோ மாடு முட்டினதுன்னு சொன்னீங்க!"

"மாடு நான்தான்" என்றார் டிரைவர்.

முதலில் சிரித்தது தங்கைதான். அடக்கப் பார்த்து, முடியாமல், "அப்பா, டிக்கி நான்!" என்று சிரித்துக்கொண்டே அழுதாள். "வலது முன் கதவு நான்" என்றான் கண்ணாடிக்காரன். "இடது பக்கம் ரெண்டு கதவும் நான்" என்றாள் அம்மா. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயா? நீ எப்படி?" டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஃபோன் உறையிலிருந்து லைசென்ஸை எடுத்து அவர் கையில் வைத்தாள். எட்டத்தில் பிடித்துப் படித்தார், கிட்டத்தில் பிடித்துப் படித்தார். கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா, ஒரு கீறல் இல்லாம ஓட்டின கதையை மறுபடி முதல்லேர்ந்து கேட்கணுமேன்னுதான்."

அவர் சிரிப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கதைக்குப் பயந்து வீடே பெயிண்டர் வாசல்ல நின்னிருக்கு. நானும் அதே கதைக்குப் பயந்துதான் நின்னேன்" என்றார். மனைவியின் கையில் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்தக் கையை உடனே விடவில்லை.

"அந்த வலது பின் கதவு யாருது?" என்று அண்ணி கேட்டாள். அவளுக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது.

"அதுவும் நான்தான்" என்றாள் அம்மா தரையைப் பார்த்து. "ஒரு பக்கம் மட்டும் பழகினா போதுமா?"

டிரைவர் டார்ச்சைப் பார்த்தார். "நேத்து உன் கை பானெட்டுல நின்னப்பவே, இவளுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு எனக்குத் தெரியும். இவ உண்மையைச் சொல்றாளா, கல்யாணத்துக்காக ஜால்ரா போடறாளான்னு பார்க்கத்தான் வந்தேன். நீ மட்டும் எல்லாம் கம்பெனி பெயிண்ட் மாமான்னு சொல்லியிருந்தா, வண்டியை எடுத்துட்டுப் போயிருப்பேன். ஆனா நீ உண்மையையும் சொன்னே, இவங்களையும் காட்டிக்குடுக்கல." எழுந்து சட்டையை நீவிக்கொண்டார். "போடும்மா கோட்டிங். வேலை முடியட்டும், மத்ததைப் பேசுவோம்."

வேலை என்றால் அப்படி ஒரு வேலை. பெயிண்டரின் பெயிண்ட் மென்மை, கூரை கெட்டி. ஒவ்வொரு தகட்டுக்கும் மெஷின் முனையில் மாட்டும் பஞ்சை மாற்றி, வேகத்தை மாற்றி, பொறுமையாக இழைத்தாள். வீடே சேர்ந்து இடித்த வண்டி, ஒரே தண்ணீர் போல ஒரே நிறமாக வந்தது. கோட்டிங் போட்டு, காயவைத்து, டெலிவரி கொடுக்கிற காலையில் அந்தக் கருநீலத்தில் கடை விளக்கு, அண்ணியின் கொடித் துணி, எல்லாம் தலைகீழாகத் தெரிந்தன.

குடும்பம் காரைச் சுற்றி நின்றது. டிரைவர், மகன் புதிதாக மாட்டிவிட்ட கண்ணாடி வழியாகக் கிட்டத்தில் குனிந்து பார்த்தார், எட்டத்தில் நின்று பார்த்தார். பிறகு சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு. நான் பக்கத்துல உட்கார்ந்து வர்றேன். வாயைத் திறக்க மாட்டேன்."

"திறக்காம இருப்பீங்களாக்கும்!" என்று அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். முகம் கோட்டிங் போட்டது போல மின்னியது.

"ஒண்ணு மட்டும்" என்றார் டிரைவர். "இனிமே இந்த வீட்டுல யார் எங்கே இடிச்சாலும், அன்னைக்கே சொல்லிடணும்."

டார்ச் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையை வேண்டாம் என்று ஆட்டினாள். கண்ணால் மிரட்டினாள். கிள்ளுவதற்குக் கைக்கு எட்டவில்லை.

"மாமா" என்றாள் டார்ச், கையை உயர்த்தி, பள்ளிக்கூடப் பிள்ளை போல. "காலையில நான் வண்டியை வெளியே எடுக்கும்போது ரிவர்ஸ்ல, எங்க கடைத் தூண்ல... பின் பம்பர் ஓரத்துல, கீழே. ஆழமா விழுந்துடுச்சு, பாலிஷுக்குப் போகாது. பம்பர்ல மீட்டர் வேலை செய்யாது, குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியும். நான் வண்டியைப் பார்த்துப்பேன், ஓட்ட அவ்வளவா வராது."

டிரைவர் குனிந்து பார்த்தார். ஒரு விரல் நீளத்துக்குக் கீறல், புத்தம் புதுசு. நிமிர்ந்தபோது மீசை துடித்தது. கோபமா என்று கண்ணாடிக்காரன் ஓர் அடி முன்னால் வந்தான். கோபமில்லை.

"அடியே" என்று மனைவியைக் கூப்பிட்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை. "இவளை இனிமே வெளியில விட்டா தப்பு. சந்தேகமே இல்ல, இவ நம்ம வீட்டு ஆளு." பிறகு டார்ச்சின் தலையில் கையை வைத்தார். "போகுது விடு மருமகளே, பெயிண்டருக்குச் சொல்லிடலாம்."

மருமகளே என்று அவர் சொன்னதில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அந்த ஒருமுறை அண்ணி கிள்ள வேண்டியிருக்கவில்லை.

டிரைவர் ஃபோனை எடுத்தார். அதே நேரம் அவர் மனைவியும், மகனும், மகளும் பழக்கதோஷத்தில் ஆளுக்கொரு ஃபோனை எடுத்தார்கள். நாலு பேரும் ஒரே சமயத்தில் பெயிண்டரைக் கூப்பிட, நாலு பேருக்கும் லைன் பிஸி என்றே வந்தது.